பிக்கா லார்ஜா? ‘பெரிய’ எண்டதுக்கு இங்கிலீசில எதைப் போடுறது

ஓ.எல். சோதினை எழுதப்போற கன பிள்ளையள் ‘பெரிய’ எண்டு கண்டால் உடன பிக் எண்டு போடுவினம், கொஞ்சம் வாசிக்கிற ஆக்கள் எல்லாத்துக்கும் லார்ஜ் போடுவினம், ரெண்டும் எல்லா இடத்திலயும் சரிவராது. கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் ரியூசன் இல்லாமல் வீட்டில இருந்து படிக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன், கொப்பியை எடுத்துக்கொண்டு வாங்கோ.

முதல் வேலை, நீங்கள் சொல்லுற பெருசு கண்ணால பார்த்து அளக்கக்கூடியதோ எண்டு பாருங்கோ. வீடு, வயல், யானை, இரணைமடுக் குளம் எண்டால் ரெண்டு சொல்லும் வரும். கதைக்கேக்க பிக், கட்டுரை எழுதேக்க லார்ஜ் எண்டு வச்சால் வடிவா இருக்கும். ரீசேட் சைசில மட்டும் லார்ஜ்தான், எல் எண்டு போட்டிருக்கிறது அதுதான்.

அடுத்தது அளக்க ஏலாத பெருசு. பெரிய பிழை, பெரிய முடிவு, இதுக்கு பிக். லார்ஜ் மிஸ்டேக் எண்டு இங்கிலீசைத் தாய்மொழியாக் கதைக்கிற ஆக்கள் சொல்லமாட்டினம். அண்ணையை பிக் பிரதர் எண்டலாம், லார்ஜ் பிரதர் எண்டால் ஆள் பருமன் எண்டு போயிடும்.

இதைப் பாடமாக்கத் தேவையில்லை, சொல் வந்த வழி தெரிஞ்சால் காணும். 1300ஆம் ஆண்டளவில வட இங்கிலாந்துப் பக்கத்து எழுத்துகளில பிக் வரேக்க அதின்ர கருத்து பலமான, வலிமையான எண்டுதான், உருவத்தில பெருசு எண்டது பிறகு ஒட்டினது. அது எங்கயிருந்து வந்ததெண்டு அறிஞர்மார் இன்னும் முடிவாச் சொல்லேல்லை, நோர்வேப் பேச்சுவழக்கில முக்கியமான மனுசனைக் குறிக்கிற ஒரு சொல்லுக்குச் சொந்தமா இருக்கலாம் எண்டு ஒரு கருத்து இருக்கு. நாங்களும் ‘அவர் இப்ப பெரிய ஆள்’ எண்டேக்க உயரத்தையே சொல்லுறம்?

லார்ஜ் வேற பாதையால வந்தது. லத்தீனில லார்குஸ் எண்டால் நிறைஞ்ச, தாராளமான எண்டு கருத்து. அது பிரெஞ்சுக்குப் போய், 1066இல நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு பிரெஞ்சுச் சொல்லுகள் அள்ளுகொள்ளையா வரேக்க இங்கிலீசுக்கும் வந்தது, அப்ப கைநிறையக் குடுக்கிற ஆளையும் லார்ஜ் எண்டவை. பிரான்சில இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கோ, அங்க அதே எழுத்தை லார்ஷ் எண்டு வாசிப்பினம், கருத்து அகலம்.

அந்த ‘நிறைஞ்ச’ எண்டதைப் பிடிச்சுக்கொண்டால் மூண்டாவது விதி லேசு: தொகை, அளவு, எண்ணிக்கை வந்தால் லார்ஜ் போடுங்கோ. லார்ஜ் அமவுண்ட், லார்ஜ் குவான்டிட்டி.

எழுத்துக்கூட்டலையும் பாருங்கோ, பிக்கர் எழுதேக்க ஜி ரெண்டு தரம் வரும், லார்ஜருக்கு கடைசியில ஆர் மட்டும் சேர்த்தால் சரி.

இப்ப நீங்களே செய்யுங்கோ. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கனக்கச் சனம் வந்தது எண்டதுக்கு எது? லார்ஜ் நம்பர் ஒஃப் பீப்பிள். தங்கச்சிக்கு நாளைக்கு முக்கியமான நாள் எண்டதுக்கு? பிக் டே.