லிங்க் செய்த பேக்கேஜில் ரியாக்ட் இரண்டு முறை ஏறுகிறதா? படிப்படியாகச் சரிசெய்யலாம்

இணையப் பக்கங்களின் இடைமுகத்தை உருவாக்க உதவும் ரியாக்ட் நூலகத்தைக் கொண்டு நீங்கள் எழுதிவரும் பேக்கேஜ் ஒன்றை வெளியிடுவதற்கு முன், உங்கள் செயலியில் பொருத்திப் பார்க்க நினைக்கிறீர்கள். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் லிங்க் கட்டளையால் இரண்டையும் இணைத்துச் செயலியை ஓடவிட்டதும், உலாவியின் கன்சோலில் ‘இன்வேலிட் ஹூக் கால்’ என்ற பிழை வந்து நிற்கிறது. எந்த இடத்தில் ஹூக் (யூஸ்ஸ்டேட் போன்ற ரியாக்ட் ஃபங்ஷன்) விதியை மீறினோம் என்று நிரலை வரிவரியாகத் துருவத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நேற்றுவரை ஓடிய நிரல், லிங்க் செய்த பிறகுதான் உடைந்தது என்றால், பெரும்பாலும் உங்கள் நிரலில் குற்றமில்லை. ஒரே பக்கத்தில் ரியாக்ட்டின் இரண்டு பிரதிகள் ஏறியிருக்கின்றன.

இந்த விளக்கத்தில் செயலியின் ஃபோல்டருக்கு ‘முகப்பு’ என்றும், பேக்கேஜின் ஃபோல்டருக்கு ‘படிவம்’ என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டும் அருகருகே இருக்கின்றன. கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் உச்சரிப்பின்படி எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

இரண்டு பிரதிகள் எங்கிருந்து வருகின்றன?

படிவம் ஃபோல்டருக்குள் ‘என்பிஎம் லிங்க்’ கொடுத்து, பிறகு முகப்பு ஃபோல்டருக்குள் ‘என்பிஎம் லிங்க் படிவம்’ கொடுத்தால், எந்தக் கோப்பும் நகலெடுக்கப்படுவதில்லை. நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் முகப்பின் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ‘படிவம்’ என்ற பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் குறுக்குவழி, உருவாகிறது. அது உங்கள் உண்மையான படிவம் ஃபோல்டரைச் சுட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கோப்பு ‘ரியாக்ட்’டை இம்போர்ட் செய்யும்போது, அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் தொடங்கி, மேல்நோக்கி ஒவ்வொரு ஃபோல்டரிலும் நோட்_மாட்யூல்ஸ் இருக்கிறதா என்று, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் தேடிப் போகிறது. ஆனால் தேடலைத் தொடங்கும் முன், சிம்லிங்க்கை அவிழ்த்துக் கோப்பின் உண்மையான இருப்பிடத்தை எடுத்துக்கொள்கிறது. பல கோப்புகளை உலாவிக்காக ஒன்றாகக் கட்டும் பண்ட்லர்களும் இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆகவே படிவத்தில் உள்ள கோப்பு, முகப்பின் நோட்_மாட்யூல்ஸை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தன் சொந்த ஃபோல்டரில், நீங்கள் மேம்பாட்டுக்காக நிறுவிவைத்திருக்கும் ரியாக்ட்டை எடுத்துக்கொள்கிறது. முகப்பு தன்னிடம் உள்ள ரியாக்ட்டை எடுத்துக்கொள்கிறது. பதிப்பு எண் ஒன்றாகவே இருந்தாலும் பாதை வேறு என்பதால், இவை இரண்டு தனி மாட்யூல்கள்.

அதனால் ஹூக் ஏன் உடைய வேண்டும்? உலாவியில் திரையை வரையும் ரியாக்ட்-டாம் ஒரு காம்பொனென்ட்டை வரையத் தொடங்கும்போது, ஹூக்குகளை இயக்கும் டிஸ்பேச்சர் என்ற பொருளை, தான் இம்போர்ட் செய்த ரியாக்ட் பிரதிக்குள் இருக்கும் ஒரு மாறியில் வைக்கிறது. யூஸ்ஸ்டேட் போன்ற ஹூக்குகள் தங்கள் பிரதியில் உள்ள அந்த மாறியைத்தான் பார்க்கின்றன. படிவத்தின் பிரதியில் யாரும் எதையும் வைக்கவில்லை. அங்கே எதுவும் இல்லை என்று பொருள்படும் ‘நல்’ மதிப்புதான் இருக்கிறது. அதனால் ஹூக் உடைகிறது.

இந்தப் பிழை சத்தம் போட்டுச் சொல்லிவிடுவதால் ஒரு வகையில் நல்லது. சொல்லாமல் கெடுக்கும் பிரதிகள்தான் ஆபத்தானவை. கான்டெக்ஸ்ட் (காம்பொனென்ட்டுகளுக்குள் மதிப்பைப் பகிரும் ஏற்பாடு) ஒன்றை வழங்கும் பேக்கேஜ் இரண்டாக ஏறினால், ஒரு பிரதியின் ப்ரொவைடர் கொடுக்கும் மதிப்பு மற்றதன் கன்ஸ்யூமரை எட்டாது. பிழை எதுவும் காட்டாமல் இயல்பு மதிப்பு திரும்பி வரும். ஒரு பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்கும் ‘இன்ஸ்டன்ஸ்ஆஃப்’ சோதனையும் அப்படித்தான், காரணம் தெரியாமல் பொய் என்று சொல்லும். தரவு கேட்டுப் பெற உதவும் கிராஃப்க்யூஎல் நூலகம் இந்த நிலையைத் தானே கண்டுபிடித்து, வேறொரு மாட்யூலிலிருந்து வந்த ஸ்கீமாவைப் பயன்படுத்த முடியாது என்று நிறுத்திவிடும்.

படி 1: சந்தேகத்தை உறுதிசெய்யுங்கள்

முதலில், படிவம் ஃபோல்டரின் நோட்_மாட்யூல்ஸுக்குள் ‘ரியாக்ட்’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முகப்பில் ‘என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்’ கொடுத்தால், அங்கே எந்தெந்தப் பேக்கேஜ் எந்த ரியாக்ட்டைக் கேட்கிறது என்ற மரம் தெரியும்.

ஐயமே இல்லாமல் தெரிந்துகொள்ள, முகப்பின் தொடக்கக் கோப்பில் யூஸ்ஸ்டேட்டை இம்போர்ட் செய்து, விண்டோ பொருளில் ‘ஒன்று’ என்ற பெயரில் வையுங்கள். படிவத்தின் தொடக்கக் கோப்பில் அதே யூஸ்ஸ்டேட்டை ‘இரண்டு’ என்ற பெயரில் வையுங்கள். கன்சோலில் இரண்டையும் மூன்று சமக்குறியால் ஒப்பிடுங்கள். பொய் என்று வந்தால் இரண்டு பிரதிகள். உண்மை என்று வந்தால் இந்த விளக்கம் உங்களுக்கு உதவாது. ரியாக்ட், ரியாக்ட்-டாம் பதிப்புகள் பொருந்துகின்றனவா என்றும், ஹூக் தவறான இடத்தில் அழைக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.

படி 2: பேக்கேஜ்.ஜேசனைச் சீர்செய்யுங்கள்

படிவத்தின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில், ரியாக்ட் ‘டிபென்டென்சீஸ்’ (தேவைப்படும் பேக்கேஜ்கள்) பகுதியில் இருந்தால், அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அது ‘பியர்டிபென்டென்சீஸ்’ பகுதியில் இருக்க வேண்டும். “என்னைப் பயன்படுத்தும் செயலியிடம் ரியாக்ட் இருக்கும், அதையே நானும் பயன்படுத்துவேன்” என்று சொல்லும் இடம் அது. எல்லையைத் தாராளமாகக் கொடுங்கள்: ‘^18.0.0 || ^19.0.0’ என்பது போல. ‘18.2.0’ என்று ஒரே எண்ணில் இறுக்கினால், பேக்கேஜை நிறுவும் ஒவ்வொருவரும் பதிப்பு முரண்பாட்டோடு மல்லுக்கட்ட நேரிடும். 2020இல் வந்த என்பிஎம் 7 முதல் பியர் டிபென்டென்சிகள் தாமாகவே நிறுவப்படுகின்றன. முரண்பட்டால் நிறுவலே நின்றுபோகலாம்.

படிவத்தைத் தனியாக ஓட்டிச் சோதிக்கவும் ரியாக்ட் வேண்டுமல்லவா? அதற்கு ‘டெவ்டிபென்டென்சீஸ்’ பகுதியிலும் ஒரு பதிப்பைக் குறிப்பிடுங்கள்.

படி 3: பில்டுக்குள் ரியாக்ட்டைக் கலக்காதீர்கள்

படிவத்தை ரோலப் அல்லது வீட் என்ற கருவி கொண்டு பில்டு செய்கிறீர்கள் என்றால், ரியாக்ட்டை ‘எக்ஸ்டர்னல்’, அதாவது வெளியிலிருந்து வருவது, என்று அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரியாக்ட்டின் முழு நிரலும் உங்கள் வெளியீட்டுக் கோப்புக்குள்ளேயே கலந்துவிடும். அதன்பின் எந்த அமைப்பாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. ரோலப்பின் எக்ஸ்டர்னல் பட்டியலில் ‘ரியாக்ட்’ என்று வெறும் சரமாக எழுதினால், அது அந்தப் பெயருக்கு மட்டுமே பொருந்தும். ஜேஎஸ்எக்ஸ் (எச்டிஎம்எல் போல எழுதும் ரியாக்ட் வடிவம்) நிரல் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றப்படும்போது தானாக நுழையும் ‘ரியாக்ட்/ஜேஎஸ்எக்ஸ்-ரன்டைம்’ அதில் அடங்காது. அது பில்டுக்குள் வந்துவிடும். ஆகவே அதையும் தனியே சேருங்கள், அல்லது ‘ரியாக்ட்’ என்று தொடங்கும் துணைப் பாதைகளையும் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றை எழுதுங்கள்.

படி 4: செயலியின் பண்ட்லரிடம் ஒரே பிரதி போதும் என்று சொல்லுங்கள்

முந்தைய இரண்டு படிகளையும் பிசகாமல் செய்திருந்தும் பிழை அப்படியே நிற்கலாம். தொடக்கக்காரர்கள் மனம் சோர்ந்துபோகும் இடம் இதுதான், ஆனால் காரணம் எளியது. டெவ்டிபென்டென்சீஸில் உள்ள ரியாக்ட் இன்னும் படிவம் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. லிங்க் அந்த ஃபோல்டரைத்தான் சுட்டுகிறது. வெளியிட்ட பேக்கேஜை நிறுவுபவருக்கு டெவ்டிபென்டென்சீஸ் போய்ச் சேராது. லிங்க் செய்தவருக்கு அது கண்முன்னே கிடக்கிறது.

முகப்பு ‘வீட்’ என்ற கருவியில் ஓடினால், அதன் அமைப்புக் கோப்பில் ‘ரிசால்வ்’ பொருளுக்குள் ‘டீடியூப்’ என்ற பட்டியலைச் சேர்த்து, அதில் ‘ரியாக்ட்’, ‘ரியாக்ட்-டாம்’ இரண்டையும் எழுதுங்கள். அந்தப் பெயர்களை யார் கேட்டாலும், செயலியின் வேர் ஃபோல்டரிலிருந்தே வீட் எடுத்துக் கொடுக்கும். கான்டெக்ஸ்ட் வழங்கும் பேக்கேஜ்கள், உதாரணமாக ரியாக்ட் ரூட்டர், இரு பக்கமும் இருந்தால் அவற்றையும் இதே பட்டியலில் சேருங்கள். மாற்றம் எடுபடவில்லை என்றால், சர்வரை நிறுத்திவிட்டு ‘ஃபோர்ஸ்’ விருப்பத்தோடு மீண்டும் தொடங்குங்கள். பழைய கேஷ் ஒதுக்கப்பட்டுப் புதிதாகத் தயாராகும்.

இன்னொரு பண்ட்லரான வெப்பேக்கில் ‘ரிசால்வ்’ பொருளுக்குள் ‘அலியாஸ்’ எழுத வேண்டும். ‘ரியாக்ட்’ என்ற பெயருக்கு, முகப்பின் நோட்_மாட்யூல்ஸில் உள்ள ரியாக்ட் ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஃபோல்டரைக் காட்டுங்கள், அதற்குள் இருக்கும் கோப்பை அல்ல. ஃபோல்டராக இருந்தால்தான் ஜேஎஸ்எக்ஸ்-ரன்டைம் போன்ற துணைப் பாதைகளும் சரியாகச் சென்றடையும்.

சிம்லிங்க்கை அவிழ்க்காமல் விடும் அமைப்பை, அதாவது வெப்பேக்கில் ‘சிம்லிங்க்ஸ்’ என்பதைப் பொய் ஆக்குவதை, நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செய்தால் தேடல் முகப்பின் நோட்_மாட்யூல்ஸுக்குள் இருக்கும் ‘படிவம்’ பாதையிலிருந்து தொடங்கும். அந்தப் பாதைக்குள்ளும் முதலில் தட்டுப்படுவது படிவத்தின் சொந்த நோட்_மாட்யூல்ஸ்தான். அங்கே ரியாக்ட் இருக்கும்வரை இரண்டாவது பிரதியும் இருக்கும்.

பண்ட்லர் அமைப்பைத் தொட முடியாதவர்களுக்கு இன்னொரு வழி: படிவம் ஃபோல்டருக்குள் நின்று, ‘என்பிஎம் லிங்க்’ கட்டளைக்கு முகப்பின் நோட்_மாட்யூல்ஸில் உள்ள ரியாக்ட் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். படிவமும் முகப்பின் ரியாக்ட்டையே பார்க்கும். ஆனால் படிவம் அந்த ஒரு செயலியோடு கட்டுப்பட்டுவிடும். அங்கே மறுபடி என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் இந்த இணைப்பு போய்விடக்கூடும்.

ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஓடும் சோதனைகளுக்கு வெப்பேக், வீட் அமைப்புகள் தெரியாது. அங்கே ‘மாட்யூல்நேம்மேப்பர்’ மூலம் ரியாக்ட்டின் பாதையைத் தனியே குறிப்பிட வேண்டும்.

படி 5: வெளியிடும் முன் லிங்க் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள்

டீடியூப்பும் அலியாஸும் உங்கள் செயலியில் உள்ள ஏற்பாடுகள். பேக்கேஜ்.ஜேசனில் பிழை இருந்தால் அதை அவை மறைத்துவிடக்கூடும். அதனால் படிவத்தில் ‘என்பிஎம் பேக்’ கொடுங்கள். பேக்கேஜ்கள் வெளியிடப்படும் என்பிஎம் பதிவகத்துக்கு எந்தக் கோப்புகள் போகுமோ, அவை மட்டும் அடங்கிய டார் கோப்பு ஒன்று உருவாகும். முகப்பில், முடிந்தால் டீடியூப்பை நீக்கிவிட்டு, ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளைக்கு அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். படி 1இல் செய்த ஒப்பீடு இப்போது உண்மை என்று வர வேண்டும். நிரலை மாற்றி மறுபடி பேக் செய்தால் பதிப்பு எண்ணையும் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் நிறுவிய பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் பதிவான இன்டெக்ரிட்டி (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும்) மதிப்போடு முரண்பட்டுப் பிழை வரலாம்.

பேக்கேஜும் செயலியும் எப்போதும் சேர்ந்தே வளரப்போகின்றன என்றால், லிங்க்கை விட்டுவிட்டு, பல பேக்கேஜ்களை ஒரே வேர் ஃபோல்டரில் வைத்து நிர்வகிக்கும் என்பிஎம் வொர்க்ஸ்பேஸுக்கு மாறுவது நல்லது. இரண்டும் கேட்கும் பதிப்புகள் பொருந்தினால், வேர் ஃபோல்டரில் ஒரே ரியாக்ட்தான் நிறுவப்படும்.

லிங்க்கை அவிழ்க்கும்போது

‘என்பிஎம் அன்லிங்க்’ என்பது ‘அன்இன்ஸ்டால்’ கட்டளையின் மறுபெயர். முகப்பில் ‘என்பிஎம் அன்லிங்க் படிவம்’ என்று மட்டும் கொடுத்தால், பேக்கேஜ்.ஜேசனில் உள்ள படிவத்தின் வரியும் சேர்ந்து போய்விடும். ‘நோ-சேவ்’ விருப்பத்தைச் சேர்த்துக் கொடுங்கள். பிறகு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கொடுத்தால் பதிவகத்தில் உள்ள பதிப்பு திரும்பி வரும். படிவத்தில் முதலில் கொடுத்த ‘என்பிஎம் லிங்க்’ கணினியின் பொது இடத்தில் விட்டுவைத்த இணைப்பை நீக்க, ‘அன்இன்ஸ்டால்’ கட்டளையை ‘குளோபல்’ விருப்பத்தோடும் படிவத்தின் பெயரோடும் கொடுங்கள்.