ஸ்டார் வார்ஸ் அடுத்த படம்: ஊகிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

2017 டிசம்பரில் ‘தி லாஸ்ட் ஜெடாய்’ என்ற ஸ்டார் வார்ஸ் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வில்லன் ஸ்னோக் இரண்டு துண்டாக விழுந்தார். கூடவே என் இரண்டு வருட உழைப்பும் விழுந்தது. ஸ்னோக்தான் டார்த் பிளேகஸ் என்று சத்தியம் செய்தவர்களில் நானும் ஒருவன். 2005-இல் வந்த ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ படத்தில் ஓபரா பார்த்துக்கொண்டே வில்லன் பால்படீன் ஒரு கதை சொல்வாரே, சாவையே தள்ளிப்போடத் தெரிந்த சித் (தீய சக்தியைக் கையாளும் கூட்டம்) பிரபு ஒருவரைப் பற்றி, அந்த ஆள்தான். ஸ்னோக்கின் தழும்பு, வயது, அவர் வரும்போது பின்னணியில் கேட்கும் தாழ்ந்த குரல் கோரஸ் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அம்புக்குறி போட்டு இணைத்து வைத்திருந்தேன். படமோ அவர் யாரென்று சொல்லக்கூட இல்லை. சிம்மாசனத்தின் கைப்பிடியில் கிடந்த லைட்சேபர் (ஒளிவாள்) மெல்லத் திரும்பியது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு வருடம் கழித்து ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ படத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் ஸ்னோக் உடல்கள் மிதந்தன. பால்படீன் வளர்த்தெடுத்த உருவமாம். என் நோட்டில் அது இல்லை.

ஊகிப்பதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவில் ரசிகனுக்கு வேறென்ன வேலை? ஆனால் அந்த நோட்டை இப்போது புரட்டினால், கணிப்பு பலிக்காததைவிட நான் ஆதாரம் என்று எழுதிவைத்தவைதான் சிரிப்பை வரவழைக்கின்றன. எல்லாமே கதைக்குள்ளிருந்து பொறுக்கியவை. கதையை எழுதுகிறவர்களும் படத்தை எடுக்கிறவர்களும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் முன்பே எழுதிவைத்தது என்ற நம்பிக்கை

பெரும்பாலான தியரிகள் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. முதல் படத்தில் ஒரு பாத்திரம் ஒரு மாதிரி பார்த்தால், அது மூன்றாம் படத்துக்கான தடயம் என்று எடுத்துக்கொள்கிறோம். நடந்தது என்ன என்று பார்த்தால் வேறு கதை.

கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர்தான் நாயகன் லூக்கின் அப்பா என்பது 1977 படத்தோடு சேர்ந்து பிறந்த விஷயம் இல்லை. ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிக்கொடுத்த முதல் வரைவில் லூக்கின் அப்பா ஆவியாக வந்து மகனிடம் பேசுகிறார். வேடர் அதில் வேறு ஆள். 1978 மார்ச்சில் பிராக்கெட் இறந்துபோனார். அதன் பிறகு ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் தானே உட்கார்ந்து எழுதிய வரைவில்தான் இருவரும் ஒருவரானார்கள். இளவரசி லேயா லூக்கின் சகோதரி என்பது அதற்கும் பிந்தியது. 1980 படத்தில் லேயா லூக்குக்குக் கொடுக்கும் முத்தத்தை நினைத்துப் பாருங்கள். முன்பே தெரிந்திருந்தால் அந்தக் காட்சியை எடுத்திருப்பார்களா?

புதிய மூன்று படங்களிலும் இதே கதைதான். நாயகி ரேயின் பெற்றோர் யார் என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. ரேயாக நடித்த டெய்ஸி ரிட்லி 2020-இல் ஒரு டிவி பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். முதலில் லூக்கின் ஆசான் ஓபி-வானோடு தொடர்பு என்று ஒரு யோசனை இருந்ததாம், அப்புறம் பெயர் தெரியாத யாரோ ஒருவரின் மகள் என்றானதாம், அப்புறம் பால்படீனின் பேத்தி. கடைசிப் படத்தின் படப்பிடிப்பு நடக்கும்போதுகூட அது மாறிக்கொண்டிருந்ததாம். எழுதுகிறவருக்கே அன்று தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படித் தடயம் விட்டுவைத்திருப்பார்?

அதனால் ‘முதல் படத்திலேயே காட்டிவிட்டார்கள்’ என்று யாராவது ஆரம்பித்தால், அந்தப் படத்தையும் அடுத்த படத்தையும் எழுதியவர் ஒருவர்தானா என்று முதலில் பாருங்கள். ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ ஜே.ஜே. ஆப்ராம்ஸ் கையில் இருந்தது. அடுத்தது ரையன் ஜான்சன் தானே எழுதி இயக்கியது. ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் அவிழ்க்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. வெட்டிவிடலாம். ஸ்னோக்கைச் செய்ததுபோல.

அறிவிப்பைப் படம் என்று நினைத்துக்கொள்வது

இந்தத் தவறைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். இதைத் தவிர்ப்பதுதான் எளிதும்கூட. அறிவிப்பு வந்த அன்றே வில்லன் யார், எந்தக் காலகட்டம், யார் யார் திரும்ப வருவார்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

போன பத்து வருட வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். 2017 நவம்பரில் ரையன் ஜான்சனுக்குத் தனியாக மூன்று படங்கள் என்றார்கள். அந்த மூன்றில் ஒன்றும் வரவில்லை. 2018 பிப்ரவரியில் டேவிட் பெனியாஃப், டி.பி. வைஸ் இருவருக்கும் ஒரு வரிசை என்றார்கள். 2019 அக்டோபரில் அவர்கள் விலகிக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கும் ‘ரோக் ஸ்குவாட்ரன்’ அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பர் என்று மாதம்கூடக் குறித்தார்கள், 2022-இல் அட்டவணையிலிருந்து தூக்கிவிட்டார்கள். கெவின் ஃபைகி தயாரிப்பதாக இருந்த படமும் போனது. இவை ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிநேரக் கணிப்பு வீடியோக்கள் ஓடியிருக்கும்!

2023 ஏப்ரலில் லண்டனில் நடந்த ஸ்டார் வார்ஸ் செலிப்ரேஷன் விழா மேடையில் மூன்று படங்களை அறிவித்தார்கள்: ஜெடாய் என்ற வீரர்களின் தொடக்க காலத்தைச் சொல்லும் ஜேம்ஸ் மேன்கோல்டின் படம், டேவ் ஃபிலோனியின் படம், ரே திரும்ப வரும் ஷர்மீன் ஒபைத் சினாயின் படம். இவை மூன்றையும் முந்திக்கொண்டு கேமரா முன் போனது, அந்த மேடையிலேயே இல்லாத ஒரு படம். ஜான் ஃபாவ்ரோவின் ‘தி மாண்டலோரியன் அண்ட் குரோகு’ 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு அதே ஆண்டில் படப்பிடிப்புக்குப் போனது, 2026 மே 22 என்று தேதியும் வாங்கிக்கொண்டது. 2019 டிசம்பருக்குப் பிறகு தியேட்டருக்கு என்று வரும் முதல் ஸ்டார் வார்ஸ் படம் அதுதான். ஆறு வருடத்துக்கு மேல் இடைவெளி. அத்தனை வருடமும் அறிவிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

இதற்கு நேர்மாறும் உண்டு. 2025 அக்டோபரில், வில்லன் கைலோ ரென்னாக நடித்த ஆடம் டிரைவர் ஒரு பேட்டியில், அந்தப் பாத்திரத்தை (இயற்பெயர் பென் சோலோ) வைத்து ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்குவதாக ஒரு படம் முழுத் திரைக்கதை வரை போயிருந்ததையும், படங்களை எடுக்கும் லூகாஸ்ஃபில்முக்குப் பிடித்தும் அதன் உரிமையாளரான டிஸ்னியின் தலைமை வேண்டாம் என்றுவிட்டதையும் சொன்னார். மேடையில் சொல்லப்பட்டவை எடுக்கப்படவில்லை, கிட்டத்தட்ட எடுக்கப்படவிருந்தது மேடைக்கே வரவில்லை. கேமரா ஓட ஆரம்பித்துவிட்டதா என்ற ஒரே கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வரும்வரை நான் இப்போதெல்லாம் நோட்டைத் திறப்பதில்லை. அதுகூட முழு உத்தரவாதம் கிடையாது. ‘சோலோ’ படத்தில் படப்பிடிப்பு பெரும்பாலும் முடிந்த நேரத்தில் இரண்டு இயக்குநர்களையும் அனுப்பிவிட்டு ரான் ஹோவர்டைக் கொண்டுவந்தார்கள்.

டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது

ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிதாக்கிப் பார்ப்பது ஒரு சுகம்தான், நானும் செய்கிறேன். ஆனால் டிரெய்லர் என்பது டிக்கெட் விற்க வெட்டிய துண்டுகள். அதில் வருவதெல்லாம் படத்தில் வரும் என்ற உறுதி கிடையாது. ‘ரோக் ஒன்’ டிரெய்லரில் நாயகி ஜின் எர்சோ ஒரு குறுகலான பாலத்தில் நடந்துபோவாள், அவள் எதிரில் கீழேயிருந்து ஒரு டை ஃபைட்டர் போர் விமானம் எழுந்து நிற்கும். அந்த ஒரு ஷாட்டை வைத்தே கிளைமாக்ஸை எழுதியவர்கள் உண்டு. படத்தில் அந்த ஷாட் இல்லை. டெத் ஸ்டார் என்ற ராட்சத ஆயுத நிலையத்தின் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரையில் ஓடும் ஷாட்டும் இல்லை. ரீஷூட்டுக்குப் பிறகு கடைசிப் பகுதியே மாறிவிட்டது.

படத்தில் இருக்கும் ஷாட்டும் ஏமாற்றும். 2019 ஆகஸ்டில் காட்டிய ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ காட்சித் துண்டில் ரே கறுப்பு அங்கியில், மடக்கி விரிக்கும் சிவப்பு லைட்சேபரோடு நின்றாள். ரே இருட்டுப் பக்கம் போகிறாள் என்று நாலு மாதம் பேசினோம். படத்தில் அது சில நொடிகள் வரும் ஒரு மாயத் தோற்றம்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தின் 2015 டிரெய்லர். பனிக்காட்டில் ஃபின் நீல லைட்சேபரை ஏற்றிக்கொண்டு கைலோ ரென்னுக்கு எதிரே நிற்பான். அடுத்த ஜெடாய் ஃபின்தான் என்று முடிவுகட்டினோம். படத்தில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. ஆனால் ஃபின் அடிபட்டு விழுந்த பிறகு, பனியில் கிடந்த அந்த லைட்சேபர் கைலோ ரென்னைத் தாண்டிப் பறந்துபோய் ரேயின் கையில் உட்காரும். டிரெய்லர் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னாலேயே வாயை மூடிக்கொண்டது. ஒரு ஷாட்டைப் பார்க்கும்போது இதில் என்ன இருக்கிறது என்பதோடு, எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

தலைப்பை வைத்து ஆராய்வதும் இதே ரகம். ஆங்கிலத்தில் ஜெடாய் என்ற சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே. 2017-இல் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய தலைப்புகள் பன்மையில் வந்ததும் ‘பார்த்தீர்களா, ரேயும் ஜெடாய்தான்’ என்று குதித்தார்கள். தன் மனதில் அது ஒருமை, லூக்கைத்தான் குறிக்கிறது என்று ரையன் ஜான்சன் பிறகு சொல்லிவிட்டார்.

கசிந்தது உண்மையாகவே இருந்தாலும்

லீக் பொய்யாக இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையான லீக்கும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஒன்பதாவது படத்தை (பிறகு ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ ஆனது) இயக்கவிருந்த காலின் டிரெவாரோ 2017 செப்டம்பரில் விலகினார். அவருடைய திரைக்கதை 2020 ஜனவரியில் வெளியே வந்தது. கசிந்தது அசல்தான். ஆனால் வந்த படம் வேறு. அந்தத் திரைக்கதை விலகலுக்கு முன்பே யார் கையிலாவது கிடைத்திருந்தால், நூறு சதவீதம் உண்மையான ஆவணத்தை வைத்துக்கொண்டு நூறு சதவீதம் தவறான கணிப்பைச் சொல்லியிருப்பார்.

படப்பிடிப்புத் தளத்திலிருந்து வரும் வசனங்களும் அப்படித்தான். 1980 படத்தில் வேடரின் உடைக்குள் இருந்த டேவிட் ப்ரௌஸிடம் கொடுத்த வசனம், ‘உன் அப்பாவைக் கொன்றது ஓபி-வான்’ என்பது. உண்மையான வசனம் லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கே ஷாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரியும். பிறகு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் டப்பிங்கில் அதைப் பேசினார். பேசியவரே ‘வேடர் பொய் சொல்கிறான்’ என்றுதான் நினைத்தாராம்!

அப்படியும் சில சமயம் பெரிய ரகசியம் கடை அலமாரியில் பகிரங்கமாகக் கிடக்கும். 1999-இல் ‘தி ஃபேண்டம் மெனஸ்’ இசைத்தட்டு படத்துக்கு முன்பே வெளிவந்தது. உறையின் பின்பக்கத்தில் இருந்த பாடல் பட்டியலில் ஜெடாய் குவை-கானின் மரணமும் இறுதிச் சடங்கும் பெயரோடு அச்சாகியிருந்தன.

இன்னொன்று, ஒரே வதந்தியைப் பத்து வீடியோக்கள் சொன்னால் அது பத்து ஆதாரம் ஆகிவிடாது. பத்துப் பேரும் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று பின்னால் நடந்துபோனால், பெரும்பாலும் ஒரே வாசலில்தான் போய் நிற்போம். ‘பழைய முக்கியப் பாத்திரம் ஒன்று திரும்பலாம்’ என்பது போன்ற வரிகளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஸ்டார் வார்ஸில் அது எப்போது பொய்த்திருக்கிறது?

நடிகர்கள் மறுப்பதையும் அதே தராசில் போடுங்கள். ஓபி-வானாகத் திரும்பி வருவது பற்றி ஈவன் மெக்கிரெகர் வருடக்கணக்கில் மழுப்பிக்கொண்டிருந்துவிட்டு, 2019-இல் மேடை ஏறி ‘ஆமாம்’ என்றார்.

எல்லோரும் சொந்தக்காரர்கள் என்ற வியாதி

புதிதாக ஒரு பாத்திரம் வந்தால் போதும், அவன் யாருடைய மகன் என்று கேட்க ஆரம்பித்துவிடுவோம். வேடரும் லேயாவும் ஏற்படுத்திய பழக்கம் இது, நம் தப்பு மட்டும் இல்லை. ஆனால் படம் எடுப்பவர்களே ‘புது ஆட்கள்’ என்று தெளிவாகச் சொன்ன பிறகும் விடமாட்டேன் என்றால் எப்படி? 2014-இல் பழைய நாவல்களையும் காமிக்ஸையும் ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியாக ஒதுக்கிவைத்த பிறகும், அவற்றை வரிக்கு வரி அடுத்த படத்தின் கதை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெயர்களையும் சில யோசனைகளையும் அங்கிருந்து எடுப்பார்கள். கதையை அப்படியே எடுப்பதில்லை.

2027 மே 28-க்குக் குறித்திருக்கும் ‘ஸ்டார்ஃபைட்டர்’ இப்போது இதில் மாட்டியிருக்கிறது. இயக்கம் ஷான் லெவி, நாயகன் ரையன் கோஸ்லிங். ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ நிகழ்வுகளுக்கு ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்து நடக்கும் தனிக்கதை, புதிய பாத்திரங்கள் என்று 2025 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த விழாவிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வருடமே படப்பிடிப்பும் தொடங்கியது. அதனால் நோட்டைத் திறந்தேன். ‘ரே வரமாட்டாள், ஸ்கைவாக்கர் வாரிசு யாரும் இல்லை’ என்று எழுதித் தேதியும் போட்டேன். ஆதாரம் என்ற இடத்தில், படம் எடுப்பவர்களே சொன்னது என்று எழுதினேன்.

அப்புறம் அதே பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், ‘கடைசிக் காட்சியில் ஒரு நிமிஷம் வந்தாலும் வரலாம்’ என்றும் கிறுக்கி வைத்திருக்கிறேன். ஆதாரம் எதுவும் இல்லை.