கொழும்பில் பழைய வங்கிக் கட்டிடம் பார்க்கப் போகிற திருமலைக்காரருக்கு

நம் ஆட்கள் கொழும்புக்குப் போவது பெரும்பாலும் ஏதாவது அலுவலாகத்தான். பாஸ்போர்ட், விசா, ஆஸ்பத்திரி. எல்லாம் முடிந்து மிஞ்சுகிற அரை மணி நேரத்தில் 'சரி, அந்தப் பழைய கட்டிடத்தையும் பார்த்துவிடுவோம்' என்று கோட்டைப் பக்கம் ஓடுவதுதான் முதல் தவறு. சதாம் வீதியிலுள்ள சென்றல் பொயின்ற் என்ற அந்தக் கட்டிடம் 1914இல் எழுந்தது. இப்போது மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை அங்கேதான். அரை மணி அதற்குக் காணாது.

இரண்டாவது, நாள் பார்க்காமல் கிளம்புவது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு என்று சனி, ஞாயிறோ போயா தினமோ போனால் பூட்டிய கதவுதான். வார நாளில், அலுவலக நேரத்தில் போங்கள். இரவு மெயில் ரயிலில் போனால் விடியுமுன்னரே இறக்கிவிடும். முகம் கழுவி, ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு நடக்கலாம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

ஆட்டோதான் என்றால் 'சென்ட்ரல் பேங்க்' என்று மட்டும் சொல்லாதீர்கள், ஜனாதிபதி மாவத்தையிலுள்ள தலைமையகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஜனாதிபதி மாளிகையும் அந்தப் பக்கம்தான். காவலரணைப் பார்த்ததும் கைபேசியைத் தூக்காமல் இருப்பது நல்லது.

உள்ளே போனதும் எல்லோரும் நேரே நாணயப் பெட்டிகளுக்குத்தான் ஓடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. முதலில் கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கொரிந்தியத் தூண்கள், ஆளை எறும்பாக்குகிற உயரம். உச்சியில் இலை இலையாகச் செதுக்கு வேலை. வளைந்தேறும் படிக்கட்டில் நடுவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கவும் வேண்டும். காசு புழங்குகிற இடத்துக்கு இத்தனை ஆடம்பரம் ஏன் என்று கேட்கலாம். 1884இல் கோப்பிப் பயிர் நோயில் அழிந்துகொண்டிருந்த காலத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்க உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்தது. அப்படியொரு அடி வாங்கிய ஊரில், காசைக் கையில் வாங்குகிறவன் தான் அசையமாட்டேன் என்று கல்லிலேயே காட்ட வேண்டியிருந்தது என்பது என் எண்ணம்.

அப்புறம் நாணயங்களுக்கு வாருங்கள். வரிசையாக எல்லாவற்றையும் படிக்க முனைந்தால் பத்தாவது பெட்டியிலேயே களைத்துவிடுவீர்கள். யாழ்ப்பாண அரசர்களின் சேது நாணயத்தைத் தேடுங்கள்: படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் 'சேது'. அடுத்து, 1942இன் காகிதச் சதங்கள். நம் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அதே ஆண்டு. உலோகத் தட்டுப்பாட்டில் சில்லறையைக்கூடக் காகிதத்தில் அடித்தார்கள். ஐந்து சத நோட்டின் குறுக்கே தபால் முத்திரைத் தாளில் போலத் துளை வரிசை இருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.