நோட்டீஸில் லோகோ பார்த்ததும் பீஸ் கட்டிவிடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், கொழிஞ்சாம்பாறை டீக்கடை பெஞ்சில் ஆளைவிடக் கல்லூரி நோட்டீஸ்தான் அதிகம் உட்கார்ந்திருக்கும். போன வருடம் பக்கத்து வீட்டுத் தம்பி, மகளுக்காக ஒரு டிசைன் கல்லூரி நோட்டீஸைக் கொண்டுவந்தார். பளபளவென்று கெட்டித் தாள். அடியில் வரிசையாக வெளிநாட்டு லோகோக்கள்.

"அண்ணா, இதுல எலியான்னு போட்டிருக்கே, பெரிய யுனிவர்சிட்டியா?"

"எலியா, பூனையா?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

முதல் தவறே அதுதான். எலியா பல்கலைக்கழகம் இல்லை. ஓவியம், நாடகம், நடனம், இசை, டிசைன் என்று கலை கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்கள் 1990-ல் சேர்ந்து அமைத்த ஐரோப்பியக் கூட்டமைப்பு. அலுவலகம் ஆம்ஸ்டர்டாமில். ஐரோப்பாவுக்கு வெளியிலும் உறுப்பினர்கள் உண்டு. அது அட்மிஷன் போடாது, டிகிரியும் தராது. வியாபாரிகள் சங்க போர்டு தொங்குகிறது என்பதற்காகக் கடையில் விற்கிற அரிசி நல்ல அரிசி ஆகிவிடுமா? அதற்காகச் சங்கத்தைக் குறை சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய மாநாடு நடத்துகிறார்கள். கலையில் முனைவர் பட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று 2016-ல் புளோரன்ஸ் கோட்பாடுகளை வெளியிட்டார்கள். ஆனால் அதெல்லாம் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடுவில் நடக்கிற காரியம்.

அடுத்தது, லோகோ போட்டவரெல்லாம் உறுப்பினர் என்று நம்புவது. அன்று நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம். எறும்பு எழுத்தில் விஷயம் இருந்தது: உறுப்பினர் இவர்கள் இல்லை, இவர்களோடு ஒப்பந்தம் போட்ட வெளிநாட்டுக் கல்லூரி. எலியாவின் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் முழுப்பெயர், ஊர் இரண்டையும் ஒத்துப்பாருங்கள். குமுலஸ் என்று இதேபோல் இன்னொரு கூட்டமைப்பும் உண்டு. அதுவும் 1990-ல்தான், ஹெல்சிங்கி, லண்டன் கலைப் பள்ளிகள் முன்னின்று தொடங்கியது. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், நம் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பன் பாட்டைத் தமிழிலேயே பாடித் தோல்பாவை ஆட்டுகிறார்களே, அப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு எலியா உறுப்பினர் பதவியை வாங்கித் தரலாமே என்று ஒருவர் கேட்டார். ஆசை நல்லதுதான். ஆனால் இங்கே சேர்வது உயர்கல்வி நிறுவனங்கள். குழுவாக விண்ணப்பம் போட்டால் வீண் அலைச்சல். உறுப்பினரான ஒரு கல்லூரி கூப்பிட்டுப் பயிற்சி முகாம் நடத்தச் சொன்னால் தாராளமாகப் போகலாம், அதற்கு உறுப்பினர் அட்டையே வேண்டாம்.

சரி, பெற்றோர் கேட்க வேண்டியது என்ன? சர்டிபிகேட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும், அது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பட்டியலில் இருக்கிறதா. தம்பி அங்கேயே போன் போட்டு அதைத்தான் கேட்டார். "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்" என்றார்கள். இரண்டாவது தடவை கேட்டும் அதே பதில். அட்வான்ஸ் கட்டவில்லை. நோட்டீஸைக் கடையிலேயே விட்டுப் போனார். வடை மடிக்கவும் அது உதவவில்லை, அந்தத் தாள் எண்ணெய் உறிஞ்சாது.