வெளிறிய விளிம்பு போன கதை

ஒரு விளையாட்டுக்காக 32×32 பிக்சல் (படத்தின் மிகச் சிறிய சதுரப் புள்ளி) அளவில் ஒரு வாள்வீரன் வரைந்திருந்தேன். வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று இருப்பான், விளையாட்டின் கருநீலப் பின்னணியில் வைத்ததும் உடலைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல ஒரு வெளிறிய விளிம்பு. மூன்று நாள் இதிலேயே போனது.

முதலில் பெரிதாக்கும் முறையைச் சந்தேகப்பட்டேன். புது நிறங்களைக் கலக்காமல் பிக்சல்களை அப்படியே பெரிதாக்கும் நியரஸ்ட் நெய்பருக்கு மாற்றி, சரியாக 4 மடங்கு பெரிதாக்கினேன், விளிம்பு இன்னும் தெளிவாகத் தெரிந்ததுதான் மிச்சம். அப்புறம் படத்தைச் சேமிக்கும் பிஎன்ஜி கோப்பின் அமைப்புகள். வீண்.

கடைசியில் நிறங்களை எண்ணினேன். நான் எடுத்தது 12, படத்தில் இருந்தது 97! வரைந்ததெல்லாம் பென்சில் கருவியில்தான், ஆனால் அழிப்பானில் 'ஹார்ட் எட்ஜ்' (ஓரம் மங்காமல் முழுதாக அழிக்கும் தேர்வு) டிக் செய்யவில்லை. முன்பு போட்டு அழித்த வெளிர்மஞ்சள் அங்கி பாதி ஒளிபுகும் பிக்சல்களாக அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது, வெள்ளையில் அது கண்ணுக்கே தெரியாது. வாளைச் சுழற்றியதும் தன் பங்குக்குப் புது நிறங்களைச் சேர்த்திருந்தது.

கிம்ப் என்ற வரைகலை மென்பொருளில் படத்தை 12 நிறங்களோடு இண்டெக்ஸ்டு முறைக்கு, அதாவது குறிப்பிட்ட நிறங்களை மட்டும் கொண்ட பட்டியலுக்கு, மாற்றினேன். அதில் ஒரு பிக்சல் முழுதாக இருக்கும், இல்லையென்றால் இருக்காது. விளிம்பு போனது, ஆனால் எது நிற்க வேண்டும் என்று மென்பொருளே முடிவு செய்ததால் வாள் பல்பல்லாக உடைந்தது. சரி என்று வாளை மொத்தமாக அழித்து, 1 பிக்சல் பென்சிலில் ஒவ்வொன்றாக வைத்தேன். சாய்ந்த வாளின் ஓரத்தில் 3, 2, 4, 1 பிக்சல் என்று தாறுமாறாக இருந்த படிகள் 3, 3, 3, 3 ஆனதும் கோடு நேரானது. தோளில் இன்னமும் ஒரு இடைநிறப் பிக்சல் இருக்கிறது, அது நானே வைத்தது.