பிள்ளைக்குச் சர்க்கரை என்றால்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது விசாரணை. "சாக்லேட்டா வாங்கிக் கொடுத்துக் கெடுத்தது யாரு?" மாமியார் மருமகளைப் பார்ப்பார், மருமகள் கணவனைப் பார்ப்பார். குற்றவாளி யாருமே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது டைப் 1. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்று வருவதில்லை. இனிப்பை நிறுத்தினால் போவதுமில்லை.

அடுத்த தவறு உயிரோடு விளையாடுவது. இன்சுலின் ஆரம்பித்த சில வாரங்களில் பல பிள்ளைகளுக்கு ஊசியின் தேவை மளமளவென்று குறையும். மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தெம்பாக வேலை செய்யும். டாக்டர்கள் இதை 'ஹனிமூன்' காலம் என்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் உறவுக்காரர் ஒருவர் ஆவாரம்பூக் கஷாயத்தோடு வந்து நிற்பார். மீட்டரில் சுகர் நார்மல் காட்டும், கஷாயத்துக்குப் பேர் கிடைக்கும், ஊசி நின்றுபோகும். அப்புறம் ஒரு நாள் வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு. "சாப்பாடு சேரல" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) ஏறி ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும். இந்த நோய்க்கு இன்சுலினுக்கு மாற்றுக் கிடையாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக அதைப் போடும்வரை, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டு ஆயுளைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்ததுதான் மருத்துவம். காய்ச்சல் வந்து சாப்பிடாத நாளிலும் டாக்டரைக் கேட்டு அளவை மாற்றலாமே தவிர, இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது.

மறைப்பது மூன்றாவது தவறு. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், "நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே" என்று இப்போதே பூட்டு விழும். விளைவு? மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய ஊசியைப் பிள்ளை பள்ளிக்கூடக் கழிப்பறையில் ஒளிந்து போட்டுக்கொள்ளும், அல்லது போடாமலே விட்டுவிடும். பி.டி. பீரியடில் வியர்த்துத் தள்ளாடினால் டீச்சருக்கு எதுவும் புரியாது. சுகர் 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவ்வளவையும் வகுப்பாசிரியருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். சொன்னால் சலுகையும் கிடைக்கும்: சி.பி.எஸ்.இ. 2017இலேயே டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது.

சில வீடுகளில் எல்லாப் பாரமும் அம்மா தலையில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுகர் பார்ப்பதும் அவர், வேலையை விடுவதும் அவர். அப்பாவுக்கு ஊசி போடத் தெரியாது என்பதை ஏதோ இளகிய மனசு மாதிரி சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஏற்புடையதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையே குத்திக்கொள்ளும் ஊசி அது. இன்னொரு பக்கம், வீட்டில் இனிப்புக்கே தடை போட்டதால் அண்ணன்காரன் தெருமுனையில் நின்று லட்டு தின்பான். இன்சுலின் அளவைக் கணக்குப் பார்த்துப் போட்டால் தீபாவளிக்கு இரண்டு பேருமே ஆளுக்கொன்று தின்னலாம்.

கடைசியாக, எண்ணுக்காகத் திட்டுவது. 280 என்றதும் "என்னடா தின்ன?" என்று பாய்ந்தால் இரண்டு மாதத்தில் பிள்ளை பொய்க்கணக்கு எழுதப் பழகிவிடும். வளர்ச்சி, பரீட்சைப் பதற்றம், சளி எல்லாமே சுகரை ஏற்றும். நோட்டில் தினமும் 120, 130 என்று அழகாக இருந்தால் மீட்டரின் மெமரியை ஒருமுறை தட்டிப் பாருங்கள். வேறு எண்கள் வந்தால் அன்றைக்கு மட்டுமாவது ஒன்றும் சொல்லாமல், அடுத்த ஊசி போடும்போது பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.