மலைச்சரிவில் உள்ள புறநகர்ச் சாலையை அகலப்படுத்தத் திட்டமிடுவது எப்படி?

சாலையை 2 மீட்டர் அகலப்படுத்த 2 மீட்டர் நிலம் போதும் என்று, வரைபடத்தை மேலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். சாலையையும் சரிவையும் குறுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தால்தான் கணக்கு புரியும். 2 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் ஏறும் நிலத்தில், வெட்டுமுகத்தை 45 பாகையில் விட்டால், வெட்டின் மேல்விளிம்பு பழைய சாலையோரத்திலிருந்து 4 மீட்டரில் போய் நிற்கும். 1.5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் நிலமென்றால் 6 மீட்டர். வெட்டின் உயரமும் 2 மீட்டரிலிருந்து 4 ஆகிவிடும். அதற்குள் யாருடைய மதில் வருகிறது, யாருடைய கழிவுநீர்த் தொட்டி வருகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

ஆகவே சர்வேயை 10 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு என்று எடுங்கள். வளைவின் தொடக்கம், நடு, முடிவு, ஒவ்வொரு வீட்டு வாசல் ஆகியவற்றுக்குத் தனியாக ஒன்று. சாலையின் இரு பக்கமும் குறைந்தது 15 மீட்டர் வரை அளக்க வேண்டும். பலத்த மழைக்கு மறுநாள் ஒருமுறை நடந்து, நீர் கசியும் இடங்களையும் அடிமரம் வளைந்த மரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளப்பக்க ஓரத்தில் வில்போல வளைந்த விரிசல் இருந்து, அதற்கு வெளியே தார் தாழ்ந்திருந்தால் அங்கே நிலம் ஏற்கெனவே நகர்கிறது. மண் ஆய்வு முடியும்வரை அந்தப் பக்கம் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது.

அடுத்து, அகலம் உண்மையில் எங்கே தேவை? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 3 மீட்டர் தடம் போதும். நேரான பகுதியில் அதை 3.5 ஆக்கினால் கிடைப்பது பெரும்பாலும் கூடுதல் வேகம்தான். வளைவில் கதை வேறு. 30 மீட்டர் ஆரமுள்ள இருதட வளைவில், அச்சிடைத் தூரம் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 6 மீட்டர் கொண்ட லாரியின் பின்சக்கரம் உள்வாங்குவதற்கே 1.2 மீட்டர் கூடுதலாக வேண்டும். பார்வைத் தூரமும் அப்படியே: 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்கச் சமதரையில் சுமார் 45 மீட்டர், 8 சதவீத இறக்கத்தில் 49. 60 மீட்டர் ஆர வளைவில் 45 மீட்டர் தெரிய வேண்டுமானால், உள்தடத்தின் நடுக்கோட்டிலிருந்து வளைவின் உட்பக்கமாக 4.2 மீட்டர் மறைப்பின்றி இருக்க வேண்டும். அதற்காகக் கரையைச் சாலைமட்டம் வரை வெட்ட வேண்டாம்; அரை மீட்டர் உயரத்தில் படியாகச் சீவினாலே பார்வை திறந்துவிடும்.

எந்தப் பக்கம் அகலப்படுத்துவது? இரு பக்கமும் பாதி பாதி என்பது கூட்டங்களில் எளிதில் ஒப்புக்கொள்ளப்படும், களத்தில் மிக மோசமாகப் போகும் வழி. இரண்டு பக்கமும் சுவர், இரண்டு பக்கமும் வேலை. பழைய தரையும் புதுமண்ணும் சேரும் கோட்டில் நீளவாக்கில் விரிசல். மேட்டுப்பக்கம் வெட்டினால் சக்கரத்தடியில் அசையாத தரை கிடைக்கும், ஆனால் சரிவின் அடிக்கால் போய்விடும். பள்ளப்பக்கத்தில், 1.5-க்கு 1 என்று இறங்கும் நிலத்தின் மேல் அதே சாய்வில் மண் நிரப்பினால் இரண்டும் எங்கும் சந்திக்காது. தாங்குசுவர் தவிர வழியில்லை. தன் எடையாலேயே மண்ணைத் தாங்கும் கனச்சுவருக்கு அடியகலம் உயரத்தில் 0.5 முதல் 0.7 பங்கு என்று முதற்கணக்குப் போடலாம். 3 மீட்டர் சுவருக்கு 2 மீட்டர்வரை தோண்ட வேண்டிவரும், அதில் ஒரு பகுதி இருக்கும் சாலையையே விழுங்கும். ஒரு தடம் மூடப்படும் என்று அப்போதே எழுதிவையுங்கள்.

சுவர் விழுவதற்கு மண்ணைவிட நீரே அதிகம் காரணம். 3 மீட்டர் சுவரை உலர்ந்த மணற்பாங்கான மண் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 27 கிலோநியூட்டன் விசையில் தள்ளும்; பின்னால் நீர் நிறைந்தால் அது 57-ஐத் தொடும். சுவருக்குப் பின் 30 சென்டிமீட்டர் ஜல்லி, மண் புகாமல் ஜியோடெக்ஸ்டைல் துணி, 1.5 மீட்டருக்கு ஒன்றாக 75 முதல் 100 மில்லிமீட்டர் கசிவுத்துளைகள். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இந்த ஜல்லிதான்.

மேலிருந்து வரும் நீரையும் கணக்கிடுங்கள். 2 ஹெக்டேர் சரிவு, மழையில் பாதி வழிந்தோடுகிறது, மழை மணிக்கு 100 மில்லிமீட்டர்: 2 × 0.5 × 100 ÷ 360 (360 அலகு மாற்றத்துக்கு), அதாவது விநாடிக்கு 0.28 கனமீட்டர். மேலே உள்ள வீடுகள் முற்றத்துக்கெல்லாம் சிமென்ட் போட்டு வழிந்தோடும் பங்கு 0.7 ஆனால் 0.39. அந்த நீரை மறித்துத் திருப்ப வெட்டுக்கு மேலே போடும் மறிப்பு வடிகாலுக்குத் தளம் கட்டாயம். விரிசல்விட்ட வடிகால் சரிவுக்குள்ளேயே நீரை இறக்கும். சாலைக்கடியில் 900 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாயைத் தூர்வாருவது கடினம். குழாய் வாயிலிருந்து ஓடை வரை படிக்கட்டு வடிகால் வேண்டும், கீழ்வீட்டு மதிலில் கொண்டுபோய் விடக் கூடாது.

வீட்டு வாசல்கள்தான் அடுத்த சிக்கல். சாலையோரத்திலிருந்து 6 மீட்டர் உள்ளே, 0.6 மீட்டர் மேலே உள்ள வாசலுக்கு ஏற்றம் 10 சதவீதம். சாலை 2 மீட்டர் உள்ளே வந்தால் 15 சதவீதம்; காரின் அடி தரையில் உரசக்கூடும். சாலையின் நீளவாக்கு மட்டத்தை வாசல் மட்டங்களைப் பார்த்தே இழுக்க வேண்டும். பள்ளப்பக்க வாசல்களில் நுழைவில் 10 சென்டிமீட்டர் மேடு வையுங்கள், இல்லையேல் சாலைநீர் வீட்டுக்குள் போகும்.

நடைபாதை இரு பக்கமும் துண்டுதுண்டாக இருப்பதைவிட ஒரு பக்கம் 1.8 மீட்டரில் தொடர்ச்சியாக இருப்பது மேல். மிதிவண்டிக்கு ஏற்றத்தில் மட்டும் 1.5 மீட்டர் தடம் போதும்; இறக்கத்தில் அவை மற்ற வண்டிகளோடே ஓடும்.

மின்கம்பம், குடிநீர்க் குழாய் மாற்றம் சாலைவேலைக்கு முன்பே முடிய வேண்டும். கழிவுநீர்க் குழாய் தன் சாய்வால் ஓடுவது, நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. அதன் ஆழத்தைச் சோதனைக்குழி தோண்டிப் பார்த்த பிறகே சுவரின் அடித்தளத்தை முடிவுசெய்யுங்கள். மண் வெட்டுவது மழையில்லா மாதங்களில், மேலிருந்து கீழாக. சுவர்க்குழியை ஒரே நீளமாகத் திறக்காமல் 5 மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து, கட்டி முடித்த பிறகு இடைத்துண்டைத் தொடுங்கள். தீயணைப்பு வண்டி போக எந்நேரமும் 3.5 மீட்டர் திறந்திருக்கட்டும்.